ஜெசிந்தா கட்டிப் போட்ட கவர்

போர்வையை இழுத்துக்கோ கண்ணு. சித்தி சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு தெரு. அந்தத் தெருவுல ஜெசிந்தான்னு ஒருத்தி இருந்தா. ஜாக்கெட் தைக்கிறவ. டக்டக்டக்டக்னு நாளெல்லாம் மெஷின் ஓடிட்டே இருக்கும். அவ புருஷன் சவரிமுத்துக்கு மில்லுல வேலை. அவங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் பூவாயின்னு ஒரு அம்மா. அந்தம்மாகிட்ட ஒரு பசு இருந்துச்சு. செவப்பா இருக்கும், அதனால பேரே செவலை.

ம்.

ஜெசிந்தா என்ன பண்ணுவான்னா, சமையல் முடிஞ்சதும் காய்த்தோல், மிச்சச் சோறு, டீத்தூள் எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல அடைப்பா. நாய் கிளறக் கூடாதுன்னு, தச்சது போக மிஞ்சின துணிக் கீத்தால வாயை இறுக்கிக் கட்டுவா. அப்புறம் தெரு முனைக்குப் போய்ப் பொத்துனு போட்டுட்டு வந்துருவா. குப்பை வண்டி வந்தா வரும், வராட்டி இல்ல. தெருவுல எல்லாருமே அப்படித்தான் போட்டாங்க.

செவலை மேய்ஞ்சுட்டுத் திரும்புறப்போ அந்த முனையில நிக்கும். கவருக்குள்ள இருந்து தோல் வாசனை வரும். மாட்டுக்கு முடிச்சை அவுக்கக் கையா இருக்கு? கவரோட சேத்து லபக்குனு முழுங்கிரும்.

ம்.

அப்புறம் ஒரு நாள் செவலை தீனி எடுக்கல. அசை போடல. வயிறு ஒரு பக்கம் பானையாட்டம் உப்பிருச்சு. பூவாயி விளக்கெண்ணெய் ஊத்திப் பாத்தா, கேக்கல. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டாரு, அதுக்கும் கேக்கல. மறுநாள் அவரு வயித்தை அமுக்கிப் பாத்துட்டு, "உள்ள என்னவோ அடைச்சிருக்கும்மா. கீறித்தான் எடுக்கணும். விட்டா ரெண்டு நாள் தாங்காது"ன்னாரு.

"கீறினா பொழைச்சுக்குமா?"

"பாதிக்குப் பாதி."

பூவாயி மாட்டு நெத்தியைத் தடவிக் கொடுத்தா. அப்புறம், "சரி, கீறுங்க"ன்னுட்டா.

சித்தி, வலிக்காதா?

மரத்துப் போக ஊசி போடுவாங்க கண்ணு. செவலை பாட்டுக்கு நின்னுட்டே இருந்துச்சு. டாக்டர் தோள் வரைக்கும் கைய உள்ள விட்டுச் சரக் சரக்னு இழுத்தாரு. கவரு, பால் பாக்கெட்டு, நைலான் கயிறு, மறுபடி கவரு. ரெண்டு வாளி நெறைஞ்சுது. தெருவே கூடி நின்னு பாத்துச்சு. ஜெசிந்தாவும் நின்னா. அப்போ வாளியில ஒரு மஞ்சத் துணிக் கீத்து கண்ணுல பட்டுச்சு. நிறம் போயிருந்துச்சு, ஆனா ஓரத்துல அவ மெஷின்ல ஓட்டின தையல் அப்படியே இருந்துச்சு.

வேற யாருக்கும் அது தெரியல. அவளுக்குத் தெரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து புருஷன்கிட்டச் சொன்னா. சவரிமுத்து சொன்னான், "ஊரே போட்டுச்சு. நீ ஒருத்தியா போட்ட? பேசாம இரு."

"ஊருது எதுன்னு தெரியாது. என்னுது எதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சே."

விடிஞ்சதும் பூவாயி வீட்டுக்குப் போனா. "அக்கா, அதுல ஒண்ணு நான் கட்டிப் போட்டது"ன்னா. பூவாயி அவ மூஞ்சியவே பாத்தா. "போ"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

ம்.

அப்புறம் ஜெசிந்தா, பால் பாக்கெட்டைத் தவிர, வீட்டுக்குள்ள கவரே வராம பாத்துக்கிட்டா. பழைய புடவையில ஒரு பை தச்சு, சவரிமுத்து சைக்கிள் ஹேண்டில்ல கட்டியே விட்டுட்டா. மறந்துட்டேன்னு சொல்ல முடியாது பாரு. இட்லி வாங்க அவன் போனா கையில தூக்குவாளி. "ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்கு"ன்னு அவன் முனகினான். கடைக்காரர் பாத்திரத்தப் பாத்து ஒரு கரண்டி சாம்பார் கூட ஊத்தினாரு. அதுக்கப்புறம் முனகல. டீத்தூளும் முட்டை ஓடும் கறிவேப்பிலைச் செடிக்குப் போச்சு. சோத்தை அளந்து வடிச்சா, மிஞ்சல. காய்த்தோல் மட்டும் தனியா ஒரு வாளியில.

பதினஞ்சு நாள் ஆச்சு. செவலை தேறித் தீனி எடுக்க ஆரம்பிச்சுது. அப்போ ஜெசிந்தா அந்த வாளியைத் தூக்கிட்டுப் பூவாயி வீட்டுக்குப் போனா.

முதல் நாள், பூவாயி வாளியைப் பாத்தா. டப்புனு கதவைச் சாத்திட்டா.

ரெண்டாம் நாள், கதவு தெறந்துச்சு. பூவாயி தோலையெல்லாம் முறத்துல கொட்டி, ஒவ்வொண்ணா விரலால தள்ளிப் பாத்தா. தள்ளிட்டே வந்தவ நிறுத்தினா. பால் பாக்கெட்டு முனையை வெட்டுவோம்ல, அந்தத் துண்டு. நகத்தளவுதான் இருக்கும். அதை எடுத்து ஜெசிந்தா உள்ளங்கையில வச்சா. முறத்தையும் அப்படியே திருப்பி வாளியில கொட்டிட்டா.

ஐயோ பாவம் சித்தி.

யாரு பாவம்? ஜெசிந்தாவா? அவ அன்னைக்கு வீட்டுக்கு வந்து, கத்தரிக்கோலை எடுத்துப் பழகிப் பாத்தா. முனையை முழுசா வெட்டாம, லேசாக் கீறி விட்டா, துண்டு பாக்கெட்டோடவே தொங்கும், கீழ விழாது. சாயங்காலம் மெஷினை நிறுத்திட்டு, தோலையெல்லாம் தரையில பரப்பி அவளே ஒவ்வொண்ணாப் பாத்தா.

மூணாம் நாள் போனா. பூவாயி முறத்துல கொட்டினா. தள்ளித் தள்ளிப் பாத்தா. மறுபடி ஒரு தடவை பாத்தா. அப்புறம் எந்திரிச்சுப் போய்ச் செவலை முன்னாடி வச்சா. செவலை புஸ்ஸுனு மூச்சு விட்டு மோந்து பாத்துச்சு. கரக் கரக்னு தின்ன ஆரம்பிச்சுது. ரெண்டு பேரும் நின்னு, கடைசித் தோல் வரைக்கும் பாத்தாங்க.

பூவாயி வாளியைக் கழுவி அவ கையில கொடுத்தா.

"நாளைக்குப் பூசணித்தோல் இருந்தா கொண்டா. அதுக்கு அதுன்னா உசுரு."

"இருக்குக்கா, கொண்டாரேன்"ன்னா ஜெசிந்தா.

வீட்டுல பூசணி இல்ல. நேரா கடைக்குப் போய் அரைப் பூசணி வாங்கினா.

அவ்வளவுதான் கதை. செவலையும் படுத்துருச்சு, நீயும் படு.