புனிதரின் சங்கில் புகுந்த நண்டு

அந்தக் காலத்தில் கடலோரத்துப் பிராணிகள் மனிதரோடு பேசிப் பழகின. வேலையும் சேர்ந்தே செய்தன. ஒரு கரையோர ஊரில் புனிதர் ஒருவருக்குக் கோயில் எழும்பியபோது சிப்பிகள் சுண்ணாம்புக்கு ஓடு கொடுத்தன, பனைகள் உத்தரம் கொடுத்தன, ஆமைகள் முதுகில் கல் சுமந்தன.

ஒரு நண்டிடம் மட்டும் கொடுக்க ஒன்றுமில்லை. அதற்கு முன்பக்கம்தான் ஓடு. பின்பக்கம் உரித்த இறால் மாதிரி வெறும் சதை. "என்னப்பா, குளிச்சிட்டு அப்படியே வந்துட்டியா?" என்று மீன்கள் கிண்டலடிக்கும். நண்டும் கூடச் சிரித்துவைக்கும். உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போகும்.

ஊருக்கு ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் மிக்கேல்பிச்சை ஒருநாள் அதைக் கூப்பிட்டு, பாறை மாடத்தில் இருந்த சங்கைக் காட்டினார்.

"புனிதர் இதுல தண்ணி மொண்டுதான் எங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தாரு. அவரு விரல் எலும்பு பட்டுல சுத்தி இதுக்குள்ள இருக்கு. பீடத்துல வைக்கிற வரைக்கும் நீதான் காவல். பாத்துக்கிடுவியா?"

"உசிரக் கொடுத்துப் பாத்துக்கிடுதேன் ஐயா," என்றது நண்டு. தன்னை நம்பி ஒருவர் ஒன்றை ஒப்படைத்தது அதற்கு அதுதான் முதல் தடவை.

கோயில் திறப்பு நாள் விடிந்தது. ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டு மணலில் கூடியது. மீன்கள் செதில் மினுங்கத் துள்ளின. நண்டு திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தது. இந்தக் கோலத்திலா பவனியில் போவது? சங்கைப் பார்த்தது. உள்ளே எவ்வளவு வழவழப்பு! சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

பட்டுச் சுருளை மெல்ல இழுத்துப் பாறையோரம் வைத்தது. சங்குக்குள் பின்னால் நுழைந்தது. அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. அழகு பார்க்கப் பாறையடியில் தேங்கிய தண்ணீர்க் குட்டைப் பக்கம் நகர்ந்து, இப்படியும் அப்படியும் திரும்பி நின்று ரசித்தது. அதற்குள் ஓர் அலை பாறைமேல் ஏறி இறங்கியது. திரும்பிப் பார்த்தால் பட்டும் இல்லை, எலும்பும் இல்லை.

மேளம் நெருங்கியது. நண்டு கழன்று ஓடப் பார்த்தது. அம்மணமாக அத்தனை பேர் முன்னால் நிற்கவா? உள்ளே சுருண்டு, கொடுக்கால் வாசலை அடைத்துக்கொண்டது.

உபதேசியார் சங்கைக் கையில் எடுத்தார். எடை மாறியிருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏலே, உள்ளதான் இருக்கியா? எலும்பு எங்கல?"

நண்டு கொடுக்கை இன்னும் இறுக்கிக்கொண்டது. அவர் கடலைப் பார்த்தார். அலையில் நனைந்திருந்த பாறையைப் பார்த்ததும் நடந்தது விளங்கிவிட்டது.

"உடம்பு கூசுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தக் கடல்ல இல்லாத சங்கா? நானே பொறுக்கித் தந்திருப்பேன்ல," என்றார். "சரி, இதையே வச்சுக்கிடு. புனிதர் கோவிச்சுக்கிட மாட்டாரு."

திட்டியிருந்தால் நண்டு வெளியே வந்து காலில் விழுந்திருக்கும். அடித்திருந்தாலும் தாங்கியிருக்கும். அவர் அதைப் பூப்போல மணலில் இறக்கிவிட்டுப் போனார். பீடத்தின் அடியில் எலும்புக்கென்று விட்டிருந்த மாடம் வெறுமையாகவே நின்றது. கொத்தர்கள் அதன்மேல் சுண்ணாம்பில் ஒரு சங்கு செய்து வைத்தார்கள். ஜனங்கள் அதன் முன் முழந்தாளிட்டு அழுதார்கள்.

அன்று முதல்தான் அந்த நண்டின் வம்சம் தனதல்லாத ஓட்டைச் சுமந்து திரிகிறது, காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளே பதுங்கிக்கொள்கிறது. விவரம் தெரியாத நாம் அதைத் துறவி நண்டு என்று கூப்பிடுகிறோம். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அது இன்னும் ஒரு சுற்று உள்ளே போகிறது.