மூவரி கூட்டிவந்த மூக்கு

ஏரிக்கரைக் கருவேல மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் முன்னால் ஒவ்வொரு கூட்டையும் பார்வைக் கூட்டம் வந்து பார்க்கும். கட்டெறும்பு முடிச்சுகளைப் பார்க்கும். வெள்ளம் வந்தால் கூடு நனையுமா என்று மீன்கொத்தி பார்க்கும். குறை இருந்தால் எந்தக் கூடு, எந்த இடம், என்ன குறை, அதை மட்டும் சொல்ல வேண்டும். வேறு எதுவும் பேசக் கூடாது. யார் வேண்டுமானாலும் கூட்டத்தில் சேரலாம். கூலி கிடையாது.

ஆனால் குறை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு! ஆண்குருவி அன்றைக்கே கூட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து கட்டும். அவ்வளவு ரோஷம் அதற்கு.

அந்தக் கரையில் மூவரி என்றோர் அணில் இருந்தது. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைந்து குடைந்து கேட்கும். அதன் சிநேகிதி நாராயி என்ற பெண்குருவி. போன வருஷம் நாராயியின் கூட்டில் எந்தக் குறையும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கொம்பேறிமூக்கன் பாம்பு வந்து மூன்று முட்டையையும் முழுங்கிவிட்டுப் போனது.

"இந்த வருஷமும் அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது மூவரி" என்றது நாராயி. மூவரிக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு நாள் மூக்காண்டி என்ற மூஞ்சூறு ஒரு வேரடியில் சட்டென்று நின்று, மூக்கைச் சுருக்கிக்கொண்டு சுற்றிப் போவதை மூவரி மரத்தின் மேலிருந்து பார்த்தது.

"ஏன் சுத்திப் போற?"

"காலையில இந்தப் பக்கம் பாம்பு போயிருக்கு அக்கா."

"உனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே?"

"கண்ணு எதுக்கு? மூக்கு இருக்கே."

"நேத்து போயிருந்தா தெரியுமா? முந்தாநாள்?"

"நேத்து போனது தெரியும். முந்தாநாள் போனது தெரியாது."

மூவரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேரே ஓடியது தலையாரியிடம். தலையாரி ஓர் ஓணான். பார்வைக் கூட்டத்தை நடத்துவது அதுதான். எப்போதும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அதைச் சம்மதம் என்று நம்பி ஏமாந்தவர்கள் அந்தக் கரையில் ஏராளம்.

"அண்ணே, மூக்காண்டியைக் கூட்டத்துல சேத்துக்குங்க. பாம்பு நடமாடுற கிளையை அவன் சொல்லிடுவான்."

"சேத்துக்கலாம். பாம்பு போன ஒரு கிளையைக் காட்டு, அவன் கத்தணும். பாம்பே போகாத கிளை ஒண்ணைக் காட்டு, அவன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

"முதல் பாதி போதாதா? நாராயி இந்த வாரம் முட்டை போடப் போறா!"

"வீணா ஒரு தரம் கத்தினா ஒரு கூடு போச்சு. நாலு தரம் கத்தினா அப்புறம் எவனும் காது குடுக்க மாட்டான். ரெண்டும் வேணும்" என்றது தலையாரி.

மூஞ்சூறுகள் எங்கே போனாலும் முன்னால் போகிறவரின் வாலைக் கவ்விக்கொண்டுதான் போகும். மூக்காண்டி மூவரியின் வாலைக் கவ்விக்கொண்டு மரமேறியது. காலையில் குருவிகள் பார்க்கப் பாம்பு ஊர்ந்த கிளை வந்ததும், "பாம்பு!" என்றது. குருவிகள் வாயைப் பிளந்தன.

அடுத்தது, மீன்கொத்தி ஒரு வாரமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்த கிளை. ஓர் எறும்புகூட அதற்குத் தெரியாமல் ஏறியதில்லை. அங்கேயும் மூக்காண்டி, "பாம்பு!" என்றது.

குருவிகள் சிரியோ சிரி என்று சிரித்தன. "இவனை நம்பினா தினமும் கூடு பிய்க்கணும்" என்றது ஒன்று. "புளுகன்" என்றது இன்னொன்று. மூக்காண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

மூவரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மீன்கொத்தி தூங்கியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தது. ஆனால் கோபத்தைவிட அதற்குக் குடைச்சல் பெரிது. 'ஏன் கத்தினான்?'

மூக்காண்டியைக் கீழே இறக்கி, வெயிலில் காய்ந்த மொட்டைப் பாறைக்குக் கூட்டிப்போனது. "பாம்பு" என்றது மூக்காண்டி. ஏரிக்கரை மணலுக்குப் போனார்கள். அங்கேயும் "பாம்பு" தான்.

"கொஞ்சம் இரு. வாலை விடு." மூவரி பத்தடி தள்ளி நின்றது. "இப்ப?"

"இப்ப இல்லையே அக்கா."

மூவரி கிட்டே வந்தது. "இப்ப?"

"இப்ப இருக்கு."

"அப்ப பாம்பு எங்கேடா இருக்கு?"

மூக்காண்டி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. "தப்பா நினைக்காதீங்க அக்கா. உங்க வால்ல."

மூவரிக்குப் பகீரென்றது. புற்றடியில் கிடந்த பாம்புச் சட்டையை, நல்ல மெத்து மெத்தென்று இருக்கிறதே என்று எடுத்து வந்து, பொந்தில் விரித்துத் தினமும் அதன்மேல் படுத்துப் புரள்கிறதே அது! அந்த வாலைத்தான் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு மரமரமாக ஏறியிருக்கிறது.

சத்தம் போடாமல் மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டு நாளைக்கு வந்திருக்கலாம். புளுகன் என்ற பேர் மூக்காண்டிக்கே நிலைத்திருக்கும். மூவரி அதையும் யோசித்துப் பார்த்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சின்ன மூஞ்சியைப் பார்த்ததும் அதற்கு வெட்கமாகிவிட்டது.

எல்லோர் முன்னாலும் போய் நின்றது. "அவன் கத்தினது சரிதான்ணே. பாம்பு வாசனையைத் தூக்கிக்கிட்டு வந்தது நான்தான்."

குருவிகள் மறுபடி சிரித்தன. சிரிக்கட்டும் என்று மூவரி மெத்தையை எறிந்தது. ஏரியில் நாலு முழுக்குப் போட்டு, மணலில் புரண்டு காய்ந்தது. மறுபடி சோதனை நடந்தது. பாம்பு போன கிளையில் மூக்காண்டி கத்தியது. போகாத கிளையில் சும்மா இருந்தது.

"சேத்தாச்சு" என்றது தலையாரி.

அன்றைக்கே நாராயியின் கூட்டுக்குப் போனார்கள். மூக்காண்டி நிதானமாக முகர்ந்தது. "நாராயி கூடு. கிளையின் அடிப்பக்கம். பாம்பு." நாராயியின் புருஷன் முணுமுணுத்துக்கொண்டே கூட்டைப் பிய்த்துப் போட்டான். பக்கத்துக் குருவிகள் ஆளுக்கொரு நார் கொண்டுவர, மூக்காண்டி பார்த்துச் சொன்ன கிளையில் புதுக்கூடு எழுந்தது.

கொம்பேறிமூக்கன் மறுநாளே பழைய கிளையில் ஏறி வந்தது. அந்தரத்தில் ஆடிய நாலு நாரை நக்கிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அந்த வருஷம் நாராயி மூன்று குஞ்சு பொரித்தது. மூன்றும் பறந்தன.

பிறர் குறையைக் கண்டுபிடிக்கக் கொண்டுவரும் எதையும் முதலில் குறையே இல்லாத இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் அது குறை சொன்னால், கொண்டுவந்தவர் முதலில் தன்னை முகர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.