வாசலில் நிற்கிற பேய்

குருவுக்கு வயது முப்பதுக்குக் கொஞ்சம் மேலே. சீடர் ஓய்வூதியம் வாங்குகிறவர். தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். தெரிந்தவர் சொல்லிக்கொடுக்கிறார், தெரியாதவர் கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

குருவின் பெயர் பௌசியா. மேலப்பாளையத்தில் வீடு. மாத நாவல் எழுதுகிறவர். எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படிக்கிற பேய்க் காதல் கதைகள். ஞாயிறு காலையில் தன் வீட்டு முன்னறையில் நாலு பேருக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தார்.

சீடரின் பெயர் குற்றாலிங்கம். பாளையங்கோட்டைக்காரர். பேய்க்கதை என்றாலே ஒரு காலத்தில் அவருக்கு ஆகாது. மகள் கோமதிக்கோ அதுதான் உயிர். அவள் புதுப் புத்தகம் வாங்கிவந்தால், இவர் அதன் கடைசிப் பக்கத்தைப் பிரித்துச் சத்தமாக வாசிப்பார். "பாத்தியா, அவன்தான் பேய். இதுக்கு ஒரு புஸ்தகமாக்கும்" என்பார். முடிவு தெரிந்துபோன புத்தகத்தை அவள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய் முதலிலிருந்து படிப்பாள்.

அந்தக் கோமதி இப்போது வீட்டுக்கு வருவதில்லை. அவளாகப் பார்த்து வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டாள். தகப்பனும் மகளும் பேசி வருஷக்கணக்காகிறது. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, பேச ஆளில்லாத வீட்டில், மகள் விட்டுப்போன அலமாரியைக் குற்றாலிங்கம் திறந்தார். பௌசியாவின் புத்தகங்களாக இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு தானே ஒன்று எழுத உட்கார்ந்தார்.

அது அச்சில் வரும், கோமதி கடையில் பார்ப்பாள், அட்டையில் அப்பா பெயர் இருக்கும், ஒரு போன் செய்வாள். பாவம், மனுஷர் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார்.

நாவலை வகுப்பில் வாசித்தார். யாழினிக்குப் பதினேழு வயது. முதல் அத்தியாயத்திலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் கார் விபத்தில் காலி. கோத்தகிரியில் அத்தையின் பங்களாவுக்கு வந்து சேர்கிறாள். புதுப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் ஒருவன், கையைத் தொட்டால் ஐஸ்கட்டி, கண்ணாடியில் உருவம் தெரியாது. அவனுக்குப் போட்டியாக இன்னொருவன், பௌர்ணமி வந்தால் ஓநாய். பரம்பரை டாலர், போன ஜென்மத்து மச்சம், ஒன்றும் குறைவைக்கவில்லை. ஐஸ்கட்டிப் பையன் தினமும் பங்களாவுக்கு வந்து வாசலோடு நின்றுவிடுகிறான். யாழினி வா என்று கூப்பிட்டால்தான் உள்ளே வர முடியும்.

கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு குற்றாலிங்கம் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், எல்லாம் எங்கேயோ படிச்ச மாதிரி இருக்குன்னு சொல்லுதாங்க. எதை மாத்தணும்?"

"அப்பா அம்மாவை ஏன் சார் கொன்னீங்க?"

"இந்த மாதிரிக் கதையில அவங்க செத்துத்தானே ஆகணும். நீங்களும் அப்படித்தானே எழுதுதீங்க."

"எனக்கு அப்பா இடைஞ்சல். அவர் இருந்தா பொண்ணை வீட்டை விட்டு வெளிய விடமாட்டார், கதை நகராது. நீங்களே ஒரு அப்பா. உங்களுக்கு என்ன இடைஞ்சல்?"

குற்றாலிங்கம் கையிலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார். அடுக்கியதையே திரும்பவும் அடுக்கினார்.

"சரி, அதை விடுங்க. அந்தப் பையன் எதுக்கு வாசல்லயே நிக்கான்?"

"கூப்பிடாம உள்ள வரக்கூடாது. பேய்க்கு அதுதான் சட்டம்."

"கதவு திறந்து கிடக்குன்னு எழுதியிருக்கீங்களே."

"திறந்து கிடந்தாலும் முடியாது டீச்சர்."

"ஏன்?"

"எல்லாக் கதையிலயும் அப்படித்தான் இருக்கு."

பௌசியா தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் கொஞ்சம் முன்னாடியே வாங்க சார். சொல்லுதேன்."

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் சரி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து "வாங்க, வாங்க" என்று பௌசியாவின் குரல் வந்துவிடும். சிலிண்டர் போட வருகிறவருக்கும் அதே வாங்கதான். குற்றாலிங்கத்துக்கு அந்தக் குரல் பிடிக்கும். அவரை அப்படி வாய் நிறைய வாங்க என்று சொல்ல வேறு வீடு இல்லை.

அடுத்த ஞாயிறு போனார். கதவு விரியத் திறந்திருந்தது. முன்னறையில் பௌசியா நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய தாள்களைப் படித்துக்கொண்டிருந்தார். குற்றாலிங்கம் ஒரு செருப்பைக் கழற்றினார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமினார். பௌசியா தலையைத் தூக்கி, அவரை நேராகப் பார்த்தார். பிறகு குனிந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்.

குற்றாலிங்கம் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நின்றார். பிடரியில் வெயில் அடித்தது. எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள், "என்ன சார், வெளியவே நிக்கீங்க? உள்ள ஆள் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. ஒரு எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். கால் எழவில்லை.

"டீச்சர், வந்துட்டேன்."

"தெரியுது சார்."

"உள்ள வரலாமா?"

"கதவு திறந்துதானே இருக்கு."

"நீங்க வாங்கன்னு சொல்லலையே."

"நீங்க என்ன சார், பேயா?"

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பௌசியா எழுந்து வந்து, நிலைக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கும் எங்க வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்துச்சு டீச்சர்" என்றார் குற்றாலிங்கம். "கல்யாணம் முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் வந்து நின்னாங்க. நான் உள்ள பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பான்னு கூப்பிட்டா. நிமிர்ந்து பாத்தேன். திரும்பப் பேப்பரைப் பாத்தேன். அவங்க அம்மா அடுப்படியில இருந்து வந்து, என் முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. நான் சொல்லாம அவளும் சொல்லமாட்டா."

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம். அவ ஒரு செருப்பைக் கழட்டியிருந்தா. பிறகு அதை மாட்டிக்கிட்டா."

பௌசியா அவருடைய காலைப் பார்த்தார்.

"நான் போன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல டீச்சர். கதவைச் சாத்தினதில்ல. வரணும்னு நினைச்சிருந்தா வந்திருக்கலாமேன்னுதான் இத்தனை வருஷமும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு." அவர் நிலையைத் தடவிப் பார்த்தார். "இப்ப இங்க நின்னு பாத்தப்பதான் தெரியுது. திறந்த கதவுக்குள்ள போக முடியல."

"அவங்க அம்மா இறந்தப்ப வரலையா?"

"வந்தா. சாவு வீட்டுல யாரும் யாரையும் வாங்கன்னு சொல்லுறதில்லையே. அந்தத் தைரியத்துல வந்தா. நேரா உள்ள போய் அம்மா தலைமாட்டுல உட்கார்ந்தா. போகும்போதும் சொல்லிக்கிட்டுப் போகல, அப்படிச் சொல்லக்கூடாது பாருங்க. நான் ஒரு ஓரமா உட்கார்ந்து அவளையே பாத்துக்கிட்டு இருந்தேன். வான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னைக்குப் பாத்துச் சொல்லக்கூடாத நாளாப் போச்சு."

எதிர்வீட்டு அம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தெருவில் ஒரு ஆட்டோ வந்து திரும்பிப் போனது.

"நாவல் வரட்டும் டீச்சர். அவ படிப்பா. வாசல்ல நிக்கிறவனை யாழினி வான்னு கூப்பிடுற இடத்தைப் படிச்சா, அப்பா எதைச் சொல்லுதாருன்னு அவளுக்குப் புரிஞ்சிரும்."

"புரியாது சார். எல்லாக் கதையிலயும் இருக்கிறதுதானே."

குற்றாலிங்கம் கழற்றிய செருப்பை நேராக வைத்தார். பிறகு கேட்டார்.

"இப்பப் போய்க் கூப்பிட்டா வருவாளா?"

"வராமலும் போகலாம்."

"அப்போ நாவல் வர்ற வரைக்கும் இருந்து பாப்போமே. என்ன அவசரம்?"

பௌசியா தாள்களை அவர் மடியில் வைத்தார்.

"நீங்க கூப்பிடாமலே உங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வர்றதுக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு சார். கண்டிப்பா வருவாங்க. அன்னைக்கும் யாரும் யாரையும் வாங்கன்னு சொல்லமாட்டாங்க. உங்களை நடுவீட்டுல படுக்க வச்சு, வாயைக் கட்டியிருப்பாங்க."