ஏழாவது பேட்ச்

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்குக் கற்றுக்கொடுத்த ஜெபசீலிக்கு முப்பத்திரண்டு.

தென்காசியில் பார்வையற்றோருக்கான வாசிப்புக்கூடம் ஒன்று. அங்கே பன்னிரண்டு லினக்ஸ் கணினிகள். புத்தகத்தைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளை ஜெபசீலிதான் பராமரித்துவந்தாள். இலவசமாகக் கிடைக்கும் மூலநிரலை எடுப்பாள். கூடத்துக்கு வேண்டிய மாற்றங்களைச் சின்னச் சின்ன பேட்ச்களாக அதன்மேல் ஒட்டுவாள். எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்டி, வரிசை எண் போட்டு, கணினிகளுக்கு அனுப்புவாள்.

இன்னும் ஆறு வாரத்தில் அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். அதன்பிறகு ஆவுடையப்பன்தான் பொறுப்பு. டெலிபோன் துறையில் இருபத்தாறு வருடம் கம்பி இழுத்து, விருப்ப ஓய்வில் வந்தவர்.

ஒருநாள் அவர் கேட்டார்:

"டீச்சர், ஒரு பேக்கேஜ் சரியா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?"

"இதுல ஒன்பது பேட்ச் இருக்கு அண்ணாச்சி. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்."

இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். எட்டு பேட்ச்களின் தலையில் ஒரு வரி விளக்கம் இருந்தது. ஒன்று ழகர உச்சரிப்பைத் திருத்தியது. ஒன்று தேதிகளைத் தமிழில் வாசிக்க வைத்தது. ஏழாவதின் தலையில் மட்டும் எதுவும் இல்லை. வெறும் பதினெட்டு வரி நிரல்.

"டீச்சர், ஏழாவது எதுக்கு?"

"அது என்ன செய்யுது?"

"ஒவ்வொரு வாக்கியம் முடிஞ்சதும் குரல் அஞ்சு நொடி சும்மா நிக்குது."

"ஆமா."

"அதான் எதுக்குன்னு கேக்கேன். யார் எழுதினது?"

"நான்தான். ஆறு வருசம் இருக்கும்."

"ஏன் எழுதினீங்க?"

ஜெபசீலி அந்தப் பதினெட்டு வரியையும் மறுபடி படித்தாள்.

"ஞாபகம் இல்ல அண்ணாச்சி."

சோதித்துப் பார்க்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை.

"அப்போ எடுத்துருவோமா? காரணம்தான் இல்லையே."

"இல்லையா, தெரியலையா?"

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஜெபசீலி ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஆவுடையப்பன் ஏழாவதை எடுத்துவிட்டுக் கட்டிப் பார்த்தார். ஒரு பிழையும் வரவில்லை. இருபத்திரண்டு சோதனைகளும் தேறின. குரல் தங்குதடையின்றி ஓடியது. நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. பழைய பேக்கேஜின் எண் எட்டு. இதற்கு ஒன்பது என்று போட்டுப் பன்னிரண்டு கணினிகளுக்கும் அனுப்பினார்.

வந்ததும் அவளிடம் சொன்னார்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"சரி, பாருங்க."

மூன்று நாள் ஒரு புகாரும் இல்லை. நான்காம் நாள் கூடத்தில் நான்கு இருக்கைகள் காலி. ஐந்தாம் நாளும் அதே நான்கு. மழையா? இல்லை. பண்டிகையா? அதுவும் இல்லை. ஆவுடையப்பன் கணினிகளின் பதிவுகளைத் துழாவினார். எங்கும் கோளாறு இல்லை.

"புகாரும் இல்ல, ஆளும் இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல டீச்சர்."

"கம்ப்யூட்டர்கிட்டயேதான் கேக்கணுமா அண்ணாச்சி?"

வராதவர்களில் மாசானத்தின் வீடுதான் பக்கம். வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படிப்பவன். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவன் அண்ணனின் மாவு மில்லில் உட்கார்ந்து மூட்டைக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் நின்றபிறகு ஆவுடையப்பன் பேசினார்.

"என்னப்பா, படிக்க வரல?"

"அண்ணாச்சியா? வாங்க. இந்தத் தடவ பரீட்சை எழுதல அண்ணாச்சி."

"ஏன்?"

"பிரெயில்ல குறிப்பு எடுக்க முடியல. கை மந்தமாயிட்டு."

"எப்போலேர்ந்து?"

"நாலஞ்சு நாளாத்தான். குரல் ஒரு வரி முடிக்கும், நான் முக்கியமான சொல்லக் குத்தி முடிக்குமுன்ன அடுத்த வரிக்குப் போயிரும். முன்ன எல்லாம் சரியா இருந்துச்சு."

"நிறுத்துற பட்டன் இருக்குல்லா?"

"குத்தூசியக் கீழ வச்சு, பட்டனத் தேடி, திரும்பக் குத்தூசியத் தேடுததுக்குள்ள எங்க விட்டோம்னே மறந்துபோகுது." மாசானம் சிரித்தான். "வயசாகுதுல்லா அண்ணாச்சி."

அவனுக்கு இருபத்தேழு.

ஆவுடையப்பன் அவனுடைய பிரெயில் சட்டத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, அவன் சொன்ன ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு புள்ளியாகக் குத்திப் பார்த்தார். தாளில் நான்கு வரி நிரம்பியதும் சட்டத்தைக் கழற்றித் தாளில் கீழே இறக்க வேண்டுமாம். பலகையில் அது மாட்டும் துளையைத் தடவித் தடவித் தேடினார். கிடைக்கவில்லை. மாசானம்தான் அவர் விரலைப் பிடித்து வைத்துவிட்டான்.

சட்டத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மாசானம், அது வந்து..." என்று தொடங்கினார். மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது. அது நிற்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

கூடத்துக்கு வந்ததும் மாசானம் சொன்னதை ஜெபசீலியிடம் சொன்னார். பழைய எட்டாம் எண் பேக்கேஜையே எல்லாவற்றுக்கும் அனுப்பினார். பன்னிரண்டு கணினிகளும் அதை ஏற்கவில்லை. இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்றன.

"நான் பழசுக்குத்தானே போறேன், டீச்சர்? ஏன் விடமாட்டேங்குது?"

"நடந்தது நடந்ததுதான் அண்ணாச்சி. பத்துன்னு போட்டுக் கட்டுங்க."

ஏழாவது பேட்சைத் திரும்பச் சேர்த்தார். அதன் தலையில் ஒரு வரி எழுதினார்: 'கேட்டுக்கொண்டே பிரெயிலில் குறிப்பெடுப்பவர்களுக்காக இந்த இடைவெளி.' கட்டினார். அனுப்பினார். பன்னிரண்டும் ஏற்றுக்கொண்டன. ஒரு கணினியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாக்கியம் முடிந்தது. ஐந்து நொடி மௌனம். அடுத்த வாக்கியம்.

ஜெபசீலி அவர் எழுதிய வரியைப் படித்தாள்.

"இத நான் அன்னைக்கே எழுதியிருக்கணும்" என்றாள்.

"இப்போ பேக்கேஜ் சரியா இருக்கா, டீச்சர்?"

"மாசானத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும். பழையபடி ஆயிட்டு, வரலாம்னு போன் போட்டுருதேன்."

"அது இல்ல அண்ணாச்சி. அவர் கைக்கு ஒண்ணும் ஆகலன்னு."

ஆவுடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு மாவு மில்லுக்குக் கிளம்பினார்.