ஆட்காட்டி

அந்தக் காலத்தில் பறவைகளும் மனுசர்களும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். ஓர் ஊரில் கண்மாய்க்கரை மூன்று மழைக்கும் உடைந்துபோனது. "ஓர் ஆளை உயிரோடு வைத்துக் கட்டினால்தான் கரை நிற்கும்" என்று அரண்மனையில் முடிவு செய்தார்கள். குடவோலையில் வந்த பேர் விருமன். ஒச்சனின் ஒரே தம்பி.

விருமன் ஓடிவிட்டான். யார்தான் ஓடமாட்டார்கள்?

சேவகர்கள் ஒச்சன் வாசலில் வந்து நின்றார்கள். "பொழுது சாய்வதற்குள் தம்பியைக் காட்டு. இல்லையென்றால் உன் தலைச்சன் பிள்ளையை வைத்துக் கட்டுவோம்!"

பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. தம்பி இருக்கும் இடம் ஒச்சனுக்குத் தெரியும். காலையில் அங்கே போய்க் கஞ்சி ஊற்றிவிட்டு வந்தவனே அவன்தான்.

"தெரியாதுங்க சாமி, தேடிப் பார்க்கலாம்" என்று ஊரெல்லாம் சுற்ற வைத்தான். பொழுதோ இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் சேவகர்களின் குதிரைகள் வறண்ட கண்மாய்க்குள் இறங்கின. அங்கே ஒரு நெட்டைக்கால் பறவை, வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டை இட்டிருந்தது. ஒளிந்திருந்த விருமனுக்கு, வாய் திறக்கமாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தது. குளம்பு முட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் வாக்காவது ஒன்றாவது!

"இங்கே வராதீங்க! ஆள் அங்கே இருக்கான், நாணலுக்குள்ளே!" என்று கத்திக்கொண்டு எழும்பியது.

மூன்று இடத்தில் நாணல் புதர் இருந்தது. "எந்தப் புதர்டா?" என்று சேவகர்கள் ஒச்சனைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் எழுந்தது. ஒரு விரல் நீண்டது. தான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று பிற்பாடு ஊரெல்லாம் சத்தியம் பண்ணினான், படுபாவி.

"அண்ணே, நீயாண்ணே?" என்று மட்டும் கேட்டான் விருமன்.

அந்தியில் கரையைக் கட்டி முடித்தார்கள். கரை நின்றது. பிள்ளையும் பிழைத்தது. ஒச்சனைப் பெற்றவள் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. நாலாம் நாள் உலை வைத்து, இலை போட்டு, வாசலில் குனிந்திருந்த மகனைக் கூப்பிட்டாள்.

"ஆட்காட்டி, சோறு போட்டிருக்கேன். வந்து தின்னு."

சாகும்வரைக்கும் அவனை அவள் வேறு பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அன்று முதல்தான், மனுச நடமாட்டம் கண்டாலே கத்துகிற அந்தப் பறவையும், கட்டைவிரலுக்கு அடுத்த விரலும், கூடவே இருந்து காட்டிக்கொடுக்கிறவனும் ஆட்காட்டி என்ற ஒரே பேரைச் சுமக்கிறார்கள்.