ஒன்றுமில்லைக்கு அடுத்த படி

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான்கு நர்சிங் மாணவர்கள் மாசிலாமணியின் கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள். மாசிலாமணி டவுன் பஸ் கண்டக்டர். முந்தின நாள்தான் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது. கஞ்சி குடித்து, இட்லி சாப்பிட்டு, வயிறு ஏற்றுக்கொண்டால் சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணைப் பெற்றவர் இல்லாமல் தாம்பூலம் மாற்ற முடியாது. அவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ஒரு டம்ளர் கஞ்சியும் நாலு இட்லியும்தான். அப்புறம் இந்த நால்வர்.

வடபாதிக்கோட்டை நர்சிங் கல்லூரியில் முதல் வருஷம் ஊட்டச்சத்துப் பாடம் உண்டு. நாலு பேருக்கு ஒரு நோயாளி என்று பிரித்துக் கொடுப்பார்கள். அவர் வாய்க்குள் போவதெல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்தக் குழுவில் ஹெப்சிபா கேள்வி கேட்பவள். முத்தரசி, பாடம் எடுக்கும் மேடம் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பவள். கயல் தலையாட்டுபவள். பிரதாபன் கத்தரிக்கோல் வைத்திருப்பவன். யோசிப்பதற்கென்று கல்லூரி யாரையும் ஏற்பாடு செய்யவில்லை.

மேடம் சொல்லி அனுப்பியவை இரண்டு. சாப்பாடு கொடுக்கும் முன், கடந்த இருபத்து நாலு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார் என்று நோயாளியைக் கேட்க வேண்டும். அதுதான் அவருடைய உணவுப் பழக்கம். அந்தப் பழக்கத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது. படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டும் நல்ல அறிவுரைதான். யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்ன கையோடு அவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

"அப்பா, நேத்து காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றாள் ஹெப்சிபா.

"ஒண்ணுமில்லம்மா."

மத்தியானம், சாயங்காலம், ராத்திரி என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அதே பதில். ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டிருந்தார்கள் என்று அவர் விளக்கினார். ஏன் சாப்பிடவில்லை என்று மேடம் கேட்கச் சொல்லவில்லை என்று முத்தரசி மரியாதையாகத் தெரிவித்தாள்.

நால்வரும் ஜன்னலோரம் கூடி ஆலோசித்தார்கள்.

"இவரோட பழக்கம் ஒண்ணுமில்லை," என்றாள் ஹெப்சிபா. "எடுத்த எடுப்பில கஞ்சி குடுத்தா அது திடீர் மாற்றம்."

"அப்ப ஒண்ணுமில்லைக்கு அடுத்த படி என்ன?" என்றான் பிரதாபன்.

நாட்டில் யாரும் இதுவரை கேட்காத கேள்வி அது. அவர்கள் வெகுநேரம் நெற்றியைச் சுருக்கினார்கள். கடைசியில், அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த கயல் வாயைத் திறந்தாள்.

"வாசனை."

கஞ்சி வந்தது. பிரதாபன் டம்ளரை மாசிலாமணியின் மூக்குக்கு நேரே பிடித்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கப் போனார். முத்தரசி கையைப் பிடித்துக்கொண்டாள். கஞ்சி திரும்பிப் போய் வாஷ்பேசினில் இறங்கியது. 'வாசனையை நன்றாக ஏற்றுக்கொண்டார், வாந்தி இல்லை' என்று ஹெப்சிபா குறித்துக்கொண்டாள். அவர் வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு முறையிட்டார். அந்தம்மா ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே, "ஸ்டூடண்ட்ஸ் பார்த்துக்குவாங்க" என்று சொல்லிப் போய்விட்டார். ஸ்டூடண்ட்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அதே கேள்வி வந்தது. மாசிலாமணி இப்போது உஷாராகியிருந்தார்.

"நேத்து நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, ராத்திரி ரவா உப்புமா," என்று முகம் மாறாமல் சொன்னார்.

நேற்று முழுக்க அவரை விட்டு அசையாமல் நின்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கயலுக்குக் கண் கலங்கிவிட்டது. நோயாளி இல்லாததை இருப்பதாகச் சொல்கிறார் என்று எழுதி, பழக்கம் வாசனை மட்டும் என்று திருத்தினார்கள்.

மத்தியானம் மனைவி அகிலாண்டம் குழைந்த சாதம், ரசம், பீன்ஸ் பொரியல், அவித்த முட்டை கொண்டுவந்தாள். அடுத்த படி பார்வை என்று தீர்மானித்திருந்ததால், தட்டில் வைத்துக் காட்டச் சம்மதித்தார்கள். தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு சோறு, கால்பங்கு புரதம் என்பது பாடம். பிரதாபன் பிளாஸ்திரியைக் கத்தரித்து ஒட்டித் தட்டை மூன்று பாகமாக்கினான். வயலில் வரப்பு போட்டவனுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது. அகிலாண்டம் சோற்றில் ரசத்தை ஊற்றினாள். ரசம் பிளாஸ்திரிக்கு அடியில் புகுந்து முட்டையிடம் போனது.

"இப்ப இது சோத்துப் பங்கா, முட்டைப் பங்கா?" என்றாள் ஹெப்சிபா.

"புறப்பட்ட இடத்தை வச்சுப் பார்த்தா சோறு," என்றாள் முத்தரசி.

"ஆனா தங்கியிருக்கிற இடம் முட்டை," என்றான் பிரதாபன்.

அகிலாண்டம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதாம்மா."

படிக்காத பேச்சு என்று அதை ஒதுக்கினார்கள். பிரதாபன் பஞ்சால் ரசத்தை ஒற்றி எடுத்தான். முட்டையோரம் எல்லை சரியானதும் பொரியல் பக்கம் கசிந்தது. வழக்கு தீர்வதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்து வாட்ச்மேன் அகிலாண்டத்தை வெளியே அனுப்பினான். சோறு ஆறிவிட்டது. ஆறிய சோறு நோயாளிக்கு ஆகாது என்பதும் பாடத்தில் உண்டு.

சனிக்கிழமை காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாப்பிட்டாரா?" என்றார்.

"அவருக்குப் பழக்கமில்லை சார்," என்றாள் ஹெப்சிபா.

"சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள இட்லி உள்ள போகணும். இல்லேன்னா திங்கட்கிழமைதான் வீடு," என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாசிலாமணி கண்ணை மூடிப் படுத்தார். மாப்பிள்ளை வீட்டார் வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டால், வாசனை பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றா சொல்வது? டிக்கெட் வாங்காமல் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பவனிடம் கத்திப் பயனில்லை. அவன் வழியிலேயே போய்த்தான் பிடிக்க வேண்டும். இருபது வருஷ பஸ் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். கண்ணைத் திறந்தார்.

"பிள்ளைங்களா, வாசனை ஆச்சு, பார்வை ஆச்சு. இன்னிக்கு என்ன படி?"

"தொடுறது," என்றார்கள்.

"எதால தொடணும்னு மேடம் சொன்னாங்களா?"

முத்தரசி மனதுக்குள் பாடத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். "சொல்லலை."

"அப்ப நான் நாக்கால தொடறேன்."

ஜன்னலோரம் நெடிய ஆலோசனை நடந்தது. நாக்கும் தோலும் ஒரே உடம்புதான் என்று கயல் சொன்னது எடுபட்டது. இட்லி வந்தது. மாசிலாமணி நாக்கால் தொட்டார். தொட்ட இட்லியைத் திருப்பி வாங்க பிரதாபன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். இட்லி வரவில்லை. அவர் அடுத்த இட்லியைத் தொட்டார். கடைசி இட்லியைத் தொடும்போது கூடச் சட்னியையும் தொட்டுக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் வந்து கேட்டார்.

"இல்ல சார், சாப்பிடலை. நாலு இட்லியைத் தொட்டிருக்கார்," என்றாள் ஹெப்சிபா.

டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். காலித் தட்டைப் பார்த்தார். பிரதாபனின் நீட்டிய கையைப் பார்த்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

நிச்சயதார்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. மாசிலாமணி தாம்பூலம் மாற்றினார், பந்தியிலும் உட்கார்ந்தார். திங்கட்கிழமை காலையில் நால்வரும் வீட்டு வாசலில் நின்றார்கள். நோயாளியை வீட்டில் போய்ப் பார்ப்பதும் பாடம்தானாம். அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர் இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. வடை, அவியல், அப்பளம், மோர்க்குழம்பு, பாயசம், மறுபடியும் பாயசம். அவர்கள் மலர்ந்த முகத்தோடு எழுதிக்கொண்டார்கள். இதுதான் இவர் பழக்கம், திடீரென்று மாற்றிவிட வேண்டாம் என்று அகிலாண்டத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

2019 செப்டம்பர் 4ஆம் தேதி கல்லூரியின் ஊட்டச்சத்து விழாவில், எதுவுமே சாப்பிடும் பழக்கமில்லாத ஒருவரை நாலே நாளில் இரண்டு பாயசம் வரை கொண்டுவந்ததற்காக நால்வருக்கும் முதல் பரிசு கொடுத்தார்கள். பிறகு பிரியாணி விருந்து. விடுதி மெஸ்ஸில் சமையல்காரர் வராததால் நால்வரும் முந்தின நாள் முழுக்கப் பட்டினி. அண்டாவுக்கு மேலே வரிசையாகக் குனிந்து, வாசனை பிடித்து, வாந்தி வரவில்லை என்று ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்துவிட்டு, வகுப்புக்குப் போனார்கள்.