பத்தடி வெயில்

"மீன்காரி தேசம்மா பிணத்துக்குப் போடுற மருந்தை மீன்ல தடவி விக்கிறா!" என்று சட்டமன்றத்தில் முழங்கினார் உறுப்பினர் தணிகைநாதன். மறுநாள் அவள் கடையை ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வழக்குப் போடலாமென்று போனால் வக்கீல் கையை விரித்தார். "அவைக்குள்ள பேசினதுக்குக் கோர்ட்டுல கேள்வி கிடையாதும்மா."

ஆத்திரத்தில் ஒரு நிருபரிடம், "அந்த ஆளு புளுகுறாரு" என்றாள் தேசம்மா. அது பேப்பரில் வந்ததும், அவையின் உரிமையை மீறிவிட்டாள் என்று சட்டமன்ற உரிமைக் குழு அவளை விசாரணைக்குக் கூப்பிட்டது.

"மன்னிப்புக் கேளு. இல்லேன்னா ஜெயில்தான்" என்றார் குழுவோடு உட்கார்ந்திருந்த தணிகைநாதன்.

"கால்லயே விழறேன் ஐயா. உள்ள பேசினதை வாசலுக்கு வெளிய வந்து ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. பத்தடிதான்."

குழுத் தலைவர் தணிகைநாதனைத் திரும்பிப் பார்த்தார். வெளியே சொன்னால் நாளைக்கே கோர்ட் படியேற வேண்டும் என்று தணிகைநாதனுக்குத் தெரியாதா என்ன? கடிகாரத்தைப் பார்த்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தலைவர் அவள்மேல் இருந்த புகார்க் கோப்பை மூடினார்.

தேசம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "என் மீனு நாள் பூரா நடுத்தெரு வெயில்ல கிடக்குது. ஐயா பேச்சு பத்தடி வெயில் தாங்கலியே!"